எல்லாருக்கும் போன கடிதம்

யுத்த நிறுத்தம் தொடங்கிய இரண்டாம் வருடம், ஒரு மத்தியானம் கொழும்பிலிருந்து பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். ஞாயிறு இதழின் பக்கங்களை மாற்றுகிறார்கள் என்றார். திருகோணமலையைப் பற்றி நான் கிழமைதோறும் எழுதிவந்த பத்திக்கு இனி இடமில்லை. அந்த இடத்தில் சமையற் குறிப்பும் சினிமாவும் வண்ணத்தில் வரும்.

"உங்கட எழுத்தில ஒரு குறையும் இல்லை. வாசகர்தான் மாறிட்டினம்," என்றார்.

செய்தி அனுப்புவதைத் தொடரலாம், ஆனால் சுருக்கமாக இருக்க வேண்டும். ஓம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். கோப்பையில் சோறு ஆறிப்போயிருந்தது. மனைவியிடம் விசயத்தைச் சொன்னேன். அவள் மீன் குழம்பைச் சூடாக்கக் குசினிக்குள் போனாள். சட்டியோடு திரும்பி வரும்போதுதான் கேட்டாள்.

"மாறின வாசகர் ஆரெண்டு சொன்னவரோ? எங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களோ?"

இருபது வருடத்துக்கும் மேலாக அந்தப் பத்தியை எழுதியிருந்தேன். பாதை மூடியிருந்த காலங்களில் பயணிகளின் கையில் கொடுத்து அனுப்பினேன். தொலைபேசி இல்லாத நாட்களில் பஸ் நடத்துநர் ஒருவர் கொழும்பில் கொண்டுபோய்க் கொடுத்தார். குண்டும் சுற்றிவளைப்பும் செய்திப் பக்கத்துக்குப் போகும். பத்திக்கு மிச்சம் இருந்தவற்றை வைத்துக்கொண்டேன். நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பவர்கள் எந்த இடத்தில் நின்று மூச்சு விடுகிறார்கள், மூதூர் லோஞ்ச் பிந்தினால் இறங்குதுறையில் காத்து நிற்கும் பெண்கள் எதைப் பற்றிக் கதைக்கிறார்கள், பஸ் நிலையத்தடியில் திரியும் மான்கள் எந்தக் கடையின் குப்பையை விரும்புகின்றன, இப்படி. மான்கள் கடதாசியும் தின்னும். என் பத்தியை ஒரு வரி விடாமல் முடிக்கிற வாசகர் இந்த ஊரில் அவைதான் என்பது மனைவியின் பழைய பகிடி. பத்தி நின்ற பிறகு அவள் அதைச் சொல்வதை விட்டுவிட்டாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கனடாவில் இருந்த அவளுடைய தம்பி கேள்விப்பட்டு அழைத்தான். "அத்தான், பேப்பர் இல்லாட்டி என்ன? ஈமெயிலில அனுப்புங்கோ. இஞ்ச திருகோணமலை ஆக்கள் எவ்வளவு பேர் இருக்கினம். நான் அட்ரஸ் எடுத்துத் தாறன்." சொன்னபடி தந்தான். லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, ரொறன்ரோ என்று, ஒரு காலத்தில் எங்கள் ஊர்த் தெருக்களில் சைக்கிள் ஓடிய ஆட்களின் முகவரிகள். அநேகமானவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. சிலருடைய தகப்பன்மாரைத் தெரியும்.

தபாற்கந்தோர் வீதியில் ஒரு கொமியூனிகேஷன் இருந்தது. முன்னால் வெளிநாட்டு அழைப்புக்கான கண்ணாடிப் பெட்டிகள், பின்னால் இரண்டு கணினிகள். முதலாளி நீதிமன்றத்தில் தட்டெழுத்தாளராக இருந்து இளைப்பாறியவர். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களாலேயே கணினியிலும் அடிப்பார், விசைகள் உடைந்துவிடும் போல. சனிக்கிழமை காலையில் நான் கையெழுத்துப் பிரதியோடு போய் அவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருப்பேன். அவர் அடிப்பார். வெளிநாட்டுக் கணினிகளில் எங்கள் எழுத்துகள் கோழி கிளறினது போலத் தெரியும் என்பதால், பக்கத்தைப் படமாக்கி இணைப்பார்.

"சேர், உங்கட வசனம் முடியிறதுக்குள்ள கரண்ட் போயிடும். நடுவில எங்கயாவது ஒரு முற்றுப்புள்ளி தாங்கோவன்," என்பார்.

"தாறன். அடியுங்கோ."

"வழக்கில கூட எதிரி இவ்வளவு நேரம் கதைக்கேல்ல."

'சனிக்கிழமைக் கடிதம்' என்று பெயர் வைத்தோம். பெறுபவர் என்ற இடத்தில் எல்லா முகவரிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இட்டார். அவற்றை ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்து அனுப்ப ஒரு வழி இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் சம்மதித்திருப்பேனோ தெரியவில்லை. திரை நிறைய அந்த முகவரிகள் நின்றதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்திரிகையில் எழுதிய காலம் முழுக்க வாசகரை நான் வரிசையாகக் கண்டதில்லை.

முதற் கிழமை பதில்கள் குவிந்தன. ஒரு லண்டன் பெண், கந்தோரில் இருந்து வாசித்து அழுததாக எழுதியிருந்தார். பாரிஸ் கடைக்காரர் ஒருவர் கடிதத்தை அச்செடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. பத்திரிகைப் பழக்கம் விடுமா? அந்தப் பதில்களில் நல்லவற்றைத் தெரிந்தெடுத்து, எழுத்துப் பிழை திருத்தி, அடுத்த கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் 'வாசகர் கடிதங்கள்' என்று தலைப்பிட்டுப் போட்டேன். மூன்று கிழமை அப்படிச் செய்த பிறகு ரொறன்ரோவில் இருந்து ஒருவர் எழுதினார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நாங்கள் எழுதுறது எல்லாம் எல்லாருக்கும் போகுது. நீங்கள் போடுறதை நாங்கள் எல்லாரும் போன கிழமையே வாசிச்சிட்டம்."

வாசகர் கடிதத்தை ஆசிரியர் பிரசுரிக்காமலே மற்ற வாசகர் வாசித்துவிடலாம் என்பதை நான் நம்ப இரண்டு நாள் எடுத்தது. முதலாளி திரையில் காட்டினார். என் கடிதத்துக்குக் கீழே ஒரு சந்தையே கூடியிருந்தது. ஒருவர் மற்றவரின் முகவரியைக் கண்டு, நீ இன்ன வகுப்பில் என்னோடு படித்தவன் அல்லவா என்று கேட்டிருந்தார். இன்னொருவர் காணாமற்போயிருந்த மச்சானைக் கண்டுபிடித்திருந்தார். எந்த ஒழுங்கையில் யார் வீட்டுக்கு அடுத்த வீடு யாருடையது என்று பெரிய வாக்குவாதம். என்னுடைய கட்டுரையைப் பற்றி முதல் இரண்டு பேர் ஒரு வரி சொல்லியிருப்பார்கள். பிறகு அவர்களுடைய கதைதான்.

அந்த வருடமும் அடுத்த வருடமும் அப்படியே போயின. பதில்கள் குறைந்ததாகச் சொல்ல முடியாது. எனக்கான பதில்கள் குறைந்தன. நான் ஒரு கிழமை முழுக்கச் செலவிட்டு, உள்துறைமுகத்தில் காலை நேரத்துத் தண்ணீரின் நிறம் எப்படி மாறுகிறது என்று எழுதினேன். நான் எழுதியவற்றில் நல்லது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குக் கீழே, அந்தக் கரையில் ஆரம்பத்தில் ஐஸ்பழக் கடை வைத்திருந்தவர் யார் என்பதைப் பற்றி முப்பதுக்கு மேற்பட்ட பதில்கள் இருந்தன. தண்ணீரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு யுத்தம் திரும்பியது. எல்லோருக்கும் செய்தி வேண்டியிருந்தது. நானும் செய்திக்காரன்தானே என்று நினைத்து, கடிதத்தைச் செய்தியாக்கிப் பார்த்தேன். ஆனால் என் பழக்கம், ஒரு விசயத்தை இரண்டு பேரிடம் உறுதிப்படுத்தாமல் எழுதுவதில்லை. நான் உறுதிப்படுத்தி முடிக்கும்போது இணையத்தளங்கள் படத்தோடு போட்டுவிடும். ஒரு சனிக்கிழமை நான் அனுப்பிய செய்திக்கு வந்த முதற் பதில்: "அண்ணை, இது வியாழக்கிழமையே தெரியும்." அடுத்த பதிலில், தன் முகவரியை எடுத்துவிடும்படி ஒருவர் மரியாதையாகக் கேட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், அடுத்த கிழமையோடு நிறுத்தப்போகிறேன் என்றேன்.

"ஏன்? கை நோகுதோ?"

"ஒருத்தரும் வாசிக்கினம் இல்லை."

"வாசிக்கேல்ல எண்டு ஆர் சொன்னது? அவையள் கதைக்கினம். உங்களைக் கதைக்க விடுகினம் இல்லை எண்டுதான் உங்களுக்குக் கோவம்." மா அரித்துக்கொண்டிருந்தாள். அரிதட்டைத் தட்டிவிட்டு, "கடைசியாக ஆரும் உங்களிட்ட ஏதாவது கேட்டவையோ?" என்றாள்.

கேட்டிருந்தார்கள். நோர்வேயில் வடக்கே ஏதோ ஒரு பட்டினத்தில் இருந்தவர் ஒருவர், மூன்று தரம் கேட்டிருந்தார். உள்துறைமுக வீதிப் பக்கம் போனால் தங்களுடைய வீட்டைப் பார்த்து எழுத முடியுமா என்று. வாசலில் நீல நிறக் கேற், வளவில் ஒரு விளாட் மாமரம். அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. நான் பதில் எழுதவும் இல்லை. வீடு பார்த்துச் சொல்வது தரகர் வேலை, எழுத்தாளர் வேலை அல்ல என்பது என் எண்ணம்.

"போய்ப் பாருங்கோவன். உங்கட கால் தேயாது," என்றாள்.

போனேன். கேற்றின் நீலம் பாதிக்கு மேல் உரிந்து துரு தெரிந்தது. மாமரம் நின்றது. ஒரு கிளை மட்டும் வெட்டப்பட்டிருந்தது. கொப்பியை எடுத்து நான் குறித்துக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஆசுபத்திரி நேர்ஸ் உடுப்போடு, வேலை முடிந்து வந்து இன்னும் சப்பாத்துக் கழற்றாமல் நின்றார்.

"என்ன எழுதுறீங்கள்? கணக்கெடுப்போ?"

பத்திரிகைக்காரன் என்றேன். நோர்வேயில் இருந்து ஒருவர் வீட்டைப் பற்றிக் கேட்டதாகச் சொன்னேன். அவர் கேற்றைத் திறக்கவில்லை. பூட்டில் கையை வைத்தபடி நின்றார்.

"என்ன கேட்டவன்?"

"வீடு எப்பிடி இருக்கெண்டு."

"வீடு எப்பிடி இருக்கெண்டு," என்று திருப்பிச் சொன்னார். "நான் அவன்ர அக்கா. ஒன்பது வருசமாக் கதைக்கேல்ல. வீட்டை வித்துப்போட்டுக் கொழும்புக்குப் போ, அங்கயிருந்து உன்னை எடுக்கிறன் எண்டான். நான் போகமாட்டன் எண்டன். அப்ப என்னோட கதையாத எண்டான். சரி எண்டு விட்டிட்டன். இப்ப வீட்டைக் கேக்கிறானோ?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். சீதனமாக அவர் பெயருக்கு எழுதிய வீடு. ஆனால் சீதனம் வாங்க ஒருவரும் வரவில்லை. கலியாணம் பேசிக்கொண்டிருந்த வருடங்களில் ஊர் எரிந்தது, பிறகு வயது போய்விட்டது. இதை அவர் பின்னாளில் சொன்னார். அன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான்:

"வந்தனீங்கள், நிண்டு பார்த்து வடிவா எழுதுங்கோ. கிணத்துக்கட்டு இடிஞ்சது எண்டு எழுதுங்கோ. பேந்து அக்காதான் ஆளைப் பிடிச்சுக் கட்டினவ எண்டும் எழுதுங்கோ."

எழுதினேன். கேற், மரம், வெட்டுண்ட கிளை, கிணறு, கட்டின சீமெந்தின் நிறம். நான் கண்டதை மட்டும், பத்திரிகைக்கு எழுதுவது போல. அக்காவைப் பற்றி, அவர் வேலை உடுப்போடு கேற்றடிக்கு வந்தார் என்று ஒரு வசனம். முதலாளி அடித்து முடித்துவிட்டு ஒரு தரம் முழுக்கத் திரும்ப வாசித்தார். அப்படி அவர் முன்பு செய்ததில்லை.

"இந்தத் தம்பி பதில் போடுவார் சேர். பாருங்கோ," என்றார்.

போட்டார். எல்லோருக்கும் தெரியத்தான் போட்டார். "எந்தக் கிளை?" அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை நான் திரும்பிப் போனேன். கேற் திறந்தது.

"எந்தக் கிளையோ? கூரையில படுத்திருந்த கிளை. இவன் சின்னனில ஏறியிருந்து புத்தகம் படிக்கிற கிளை. அதை வெட்டாட்டி ஓடு உடைஞ்சு மழை உள்ளுக்க வரும். அங்க பனிக்குள்ள இருந்துகொண்டு கிளையைக் கேக்கிறார், துரை." விறாந்தையில் எனக்குத் தேத்தண்ணி வைத்தார். "இதை இப்பிடியே எழுதாதேங்கோ. ஓடு உடையும் எண்டதை மட்டும் எழுதுங்கோ."

"துரை எண்டதை விடவோ?"

யோசித்தார். "அதை விடாதேங்கோ."

அப்படித்தான் அது நடந்தது. தம்பி வீட்டைப் பற்றிக் கேட்பார், அக்கா வீட்டைப் பற்றிச் சொல்வார். அறைச் சுவரில் உயரம் அளந்த பென்சில் கோடுகள் இருக்கின்றனவா? வெள்ளை அடித்தபோது அந்த இடத்தை மட்டும் விட்டது. அலுமாரியின் கண்ணாடி? உடைந்து இரண்டு வருடம், ஆனால் கதவு பூட்டும். நடுவில் நான். ஒருவரை ஒருவர் எப்படி இருக்கிறாய் என்று இருவரும் கேட்கவில்லை. நான் எழுதினதை அக்கா என்றைக்கும் பார்க்கவும் கேட்கவில்லை. தம்பி என்ன எழுதினான் என்பதை மட்டும் கேட்பார்.

பட்டியலில் இருந்தவர்கள் ஐஸ்பழக் கடையை விட்டுவிட்டார்கள். லண்டன் பெண் எழுதினார்: "தம்பி, கிளையை விடுங்கோ, அக்காவைக் கேளுங்கோ." ரொறன்ரோக்காரர், குடும்ப விசயத்தில் தலையிடக்கூடாது என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே ஒரு பக்கம் தலையிட்டிருந்தார். தம்பி இவற்றுக்குப் பதில் போடவில்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு கேள்வி மட்டும் அனுப்பினார்.

எனக்கு அந்தக் கிழமைகள் நல்ல கிழமைகள். ஒரு ஆள் என் ஒவ்வொரு சொல்லையும் வாசிக்கிறார் என்பது தெரிந்தது. அவர் எந்தச் சொல்லில் நிற்பார் என்று யோசித்து எழுதினேன். வசனங்கள் தாமாகவே குறுகின. முதலாளி இப்போது முற்றுப்புள்ளி கேட்பதில்லை.

பிறகு துறைமுகத்துக்கு அப்பால், சம்பூர்ப் பக்கம் ஷெல் சத்தம் தொடங்கியது. பகலில் ஜன்னல்கள் ஆடின. மூதூர்ப் பக்கத்துச் சனம் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டது. ஆசுபத்திரிக்குக் காயப்பட்டவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். நகரத்தில் கடைகள் காலையில் கொஞ்ச நேரம் திறந்து மூடின. கொமியூனிகேஷனில் இணைப்பு இருக்கும், போகும். ஒரு நாள் துறைமுகப் பக்கமே ஷெல் விழுந்தது என்ற செய்தி ஊர் முழுக்க ஓடியது. எந்த இடம் என்று ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். மறுநாட் காலை முதலாளி கதவைப் பாதி திறந்து என்னை உள்ளே எடுத்தார். இணைப்பு இருந்தது.

தம்பியிடமிருந்து இரண்டு மின்னஞ்சல்கள். முதலாவது: "வீட்டுப் பக்கம் விழுந்ததெண்டு இணையத்தில கிடக்கு. வீடு எப்படி?" இரண்டாவது சில மணித்தியாலம் கழித்து வந்தது. அதில் ஒரு சொல்தான் இருந்தது.

"அக்கா?"

அதற்குக் கீழே, எல்லா நாட்டிலிருந்தும், பட்டியலில் இருந்த அநேகமான ஆட்கள். யாராவது சொல்லுங்கள் என்று.

"வீட்டுப் பக்கம் ஒண்டும் விழேல்லை எண்டு என்ர மச்சான் சொன்னவன் சேர். அதைப் போட்டுவிடுவமோ?" என்றார் முதலாளி. அவருடைய விரல்கள் விசைகளின்மேல் இருந்தன.

"மச்சான் பார்த்தவரோ?"

"பார்க்கேல்லை. கேள்விப்பட்டவன்."

"அப்ப வேண்டாம்."

அவருக்குக் கோபம் வந்தது. "அந்தப் பெடியன் அங்க நித்திரையில்லாம இருப்பான். நீங்கள் இஞ்ச பேப்பர்ச் சட்டம் கதைக்கிறீங்கள்."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு இடத்தில் மறித்து அடையாள அட்டை பார்த்தார்கள். வீடு அப்படியே நின்றது. கேற்றில் வெளிப்பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீடுகளிலும் ஆள் இல்லை. வீடு இருக்கிறது என்று எழுதலாம். தம்பி கடைசியாகக் கேட்டது வீட்டை அல்ல. ஆசுபத்திரிக்குத் திருப்பினேன். வாசலில் சனம். கொஞ்சம் பொறுங்கோ, கொஞ்சம் பொறுங்கோ என்று ஒரு காவலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். ஆளின் அடையாளம் சொல்லி விசாரித்தேன். இருக்கிறா என்றார் ஒருவர். காலையில் கண்டது என்றார் இன்னொருவர். வழக்கமாக எனக்கு அது போதும், இரண்டு பேர் உறுதிப்படுத்தியாயிற்று. அன்றைக்குப் போதவில்லை. நடைபாதை ஓரத்தில் நின்றேன்.

மத்தியானத்துக்குப் பிறகு வந்தார். உடுப்பெல்லாம் கறை. என்னைக் கண்டதும் முதலில் பயந்தார்.

"என்ன, வீடோ?"

"வீடு இருக்கு. தம்பி கேட்டவர்."

"இப்பவும் வீட்டைத்தானோ?"

முதலாளி அச்செடுத்துத் தந்த தாள் என் சட்டைப்பையில் மடித்துக் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். முதலாவதை வாசித்தார். இரண்டாவதில் ஒரு சொல்தானே, அதை வாசிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. சுவரில் சாய்ந்து நின்றார். யாரோ உள்ளேயிருந்து அவரை மிஸி, மிஸி என்று கூப்பிட்டார்கள்.

"இருக்கிறன் எண்டு எழுதுங்கோ," என்றார். "வேறொண்டும் எழுதாதேங்கோ. உங்கட பாட்டுக்கு ஆசுபத்திரியை வர்ணிக்காதேங்கோ."

அவர் போன பிறகு நான் அதை என் எழுத்தின்மேல் சொன்ன ஒரு குறையாகவே எடுத்துக்கொண்டேன். பிறகு யோசித்தால், அதற்கு அவர் என்னை வாசித்திருக்க வேண்டும். வாசித்ததில்லை. என்னைக் கண்டு பழகியே கண்டுபிடித்திருக்கிறார்.

அந்தக் கிழமைக் கடிதம் சனிக்கிழமைக்கு முன்பே போனது. "அக்கா இருக்கிறா. ஆசுபத்திரியில் வேலையில் நிற்கிறா. நான் கண்டேன்." முதலாளி அடித்துவிட்டு, பக்கத்தைப் படமாக்க வேண்டாம், இங்கிலிஷ் எழுத்தில் நேரே அடித்தால் கெதியாகப் போகும் என்றார். அப்படியே அனுப்பினோம். நான் எழுதிய எதற்கும் அவ்வளவு பதில் வந்ததில்லை. அவற்றில் பாதிக்கு மேல் எனக்கு வந்தவை அல்ல, தம்பிக்கு.

அவரிடமிருந்து பத்து நாள் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மின்னஞ்சல், முதல் தடவையாக எனக்கு மட்டும். அக்காவின் கைத்தொலைபேசி எண்ணை ஆசுபத்திரி மூலம் எடுத்துவிட்டாராம். இரவு வேலை இல்லாத நாட்களில் கதைக்கிறார்களாம். அக்கா இன்னும் கொழும்புக்குப் போகமாட்டேன் என்றுதான் சொல்கிறாவாம், அதைப் பற்றி இப்போது சண்டை பிடிக்கிறார்களாம். நன்றி சொல்லியிருந்தார். கடைசியில், தனக்கு இனிக் கடிதம் அனுப்பத் தேவையில்லை, கந்தோர் ஈமெயில், பெட்டி நிரம்பிவிடுகிறது, குறை நினைக்க வேண்டாம்.

"ஆளை எடுத்துவிடவோ சேர்?" என்றார் முதலாளி.

"எடுங்கோ."

அவர் உடனே எடுக்கவில்லை. அந்த முகவரியில் சுட்டியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டியதும் அழித்தார். வரிசை ஒரு இடம் மேலே ஏறியது. அந்த ஆளுக்காக யோசித்து யோசித்து எழுதிய கைக்கு அடுத்த கிழமை ஒன்றும் ஓடவில்லை. மனைவியிடம் சொன்னேன், நல்லதுக்குத்தான், ஆனால் என்று. "ஆனால் என்ன? ஆள் போயிட்டுது எண்டு கவலை. சொல்லுங்கோ, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்," என்றாள். என் தோளில் கையை வைத்தாள்.

அந்தக் கிழமை தம்பியையும் அக்காவையும் விட்டுவிட்டு எழுதினேன். சம்பூரில் இருந்து வந்து பள்ளிக்கூடமொன்றில் தங்கியிருந்த ஒரு குடும்பம், வகுப்பறையில் பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகளை எப்படி அடுக்கித் தங்களுக்கு ஒரு வாசல் செய்துகொண்டது என்பதைப் பற்றி. யார் வாசிப்பார் என்று தெரியாமல் எழுதினேன். சனிக்கிழமை அனுப்பிவிட்டு, அச்செடுத்த பிரதியோடு வீட்டுக்கு வரும் வழியில் உள்துறைமுக வீதியால் வந்தேன். அக்கா கேற்றடியில் மீன்காரனிடம் பேரம் பேசிக்கொண்டு நின்றார்.

"என்ன, இந்தப் பக்கம் இனி வரமாட்டீங்கள் எண்டு நினைச்சன்," என்றார். "அவன் இப்ப நேர கதைக்கிறான். ஒரே புத்திமதி."

"கேள்விப்பட்டனான்."

"அப்ப இந்தக் கிழமை ஆற்ற வீடு?"

"ஒருத்தற்ற வீடும் இல்லை. சும்மா எழுதினது."

சைக்கிள் கூடையில் கிடந்த தாள்களைப் பார்த்தார். சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். "கொண்டாங்கோ பாப்பம்."

மீன்காரன் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தராசை எடுத்துக்கொண்டு அடுத்த கேற்றுக்குப் போனான். நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடி இல்லாமல் தாளைத் தூரப் பிடித்து வாசித்தார், உதடு அசைய. ஒரு இடத்தில் நின்று மேலே போய் ஒரு வரியைத் திரும்ப வாசித்தார். எந்த வரி என்று எனக்கு எட்டிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்க்கவில்லை. அடிவரைக்கும் வந்து, பெருவிரலை நாவில் தொட்டு, இரண்டாம் பக்கத்துக்குத் திருப்பினார்.